இற்றுப்போன குளக் கவரை மாற்றும் முன்

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பின்வளவில் நீச்சல்குளம் உள்ள வீடு கைமாறினால், கூடவே ஒரு பச்சைச் சுருளும் கைமாறும். குளிர்காலத்தில் குளத்தை மூடும் கவர் அது, கராஜ் மூலையில் கிடக்கும். "சேஃப்டி கவர் இருக்கு, இன்னும் சில வருசம் தாங்கும்" என்று சொல்லிவிட்டுப் பழைய சொந்தக்காரர் போய்விடுவார். ஏற்கனவே எத்தனை வருடம் தாங்கியது என்பது அவருக்கும் தெரிந்திருக்காது. பலர் அதை ஒக்டோபரில்தான் விரித்துப் பார்க்கிறார்கள். அப்போது காலம் பிந்திவிடும். குளத்தின் அளவுக்குத் தைத்துத் தரும் கவருக்கு இலையுதிர் காலத்தில் ஓடர் குவியும், கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். கவரைச் சோதிக்க வேண்டியது மே மாதத்தில், அதைக் கழற்றும் அன்றே.

கையில் இருப்பது உண்மையில் சேஃப்டி கவர்தானா என்று முதலில் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர்ப் பைகளை வைத்து அமுக்கும் தார்ப்பாய் குளத்தை மூடும், ஆளைத் தாங்காது. பிள்ளை கால் வைத்தால் தார்ப்பாயும் சேர்ந்து உள்ளே போய், மேலே மூடிக்கொள்ளும். சேஃப்டி கவர் என்பது வேறு. தளத்தில் பதித்த பித்தளை ஆங்கர், துருப்பிடிக்காத ஸ்பிரிங், குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த பட்டி, இந்த மூன்றும்தான் அதை இழுத்துப் பிடிக்கின்றன. நாடாக் கட்டில் மாதிரி. பாரத்தைச் சுமப்பது நாடா, துணி அதன்மேல் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். 1991இல் வந்த ஏஎஸ்டிஎம் எஃப்1346 என்ற அமெரிக்கத் தரநிலையின்படி, 8 அடிக்கு மேல் அகலமான குளத்தின் கவர் 485 இறாத்தல் பாரத்தைத் தாங்க வேண்டும். விழுந்த பிள்ளையும் அதைத் தூக்க ஓடும் இரண்டு பெரியவர்களும் என்ற கணக்கு அது. ஓரத்தில் பிள்ளை நுழையும் இடைவெளி வரக்கூடாது, மேலே தண்ணீர் தேங்கக்கூடாது என்றும் அந்தத் தரநிலை சோதிக்கிறது. எஃப்1346 என்று அச்சிட்ட துணி லேபிள் கவரின் ஓரத்தில் தைத்திருக்கும். கவர் இருக்கிறதே என்று வேலியைக் கழற்றிவிடாதீர்கள், நகரசபை வேலியைக் கேட்கும்.

தண்ணீரை வடிய விடும் வலைத் துணியில் தைத்த கவர் ஒன்று பொதுவாக 10 முதல் 15 வருடம் உழைக்கும். லேபிளில் 15 வருட உத்தரவாதம் என்று இருந்தாலும் அது பெரும்பாலும் விகித உத்தரவாதம்: வருடம் ஏற ஏறத் திருப்பித் தரும் பங்கு குறையும், கடைசி வருடங்களில் புதுக் கவர் விலையில் சின்னத் தள்ளுபடி மட்டுமே கிடைக்கும். ஆகவே லேபிளை நம்பாமல் நகத்தை நம்புங்கள். பட்டியின் தையலை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். நூல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது, கவரின் கதை முடிந்தது. வலை நன்றாக இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பாரம் பட்டியில்தான் நிற்கிறது. அடுத்துக் கவரைப் புரட்டி, குளத்தின் விளிம்புக்கல்லில் உராயும் கோட்டைப் பாருங்கள். அந்த இடத்தில் பட்டி பஞ்சுபோல் நைந்திருந்தால் அந்தப் பட்டி பனிப் பாரத்தில் அறுந்துபோகக்கூடும். ஒன்று அறுந்தால் அதன் சுமை பக்கத்துப் பட்டிக்குப் போகும், பிறகு அதுவும் போகும்.

எலியும் அணிலும் கடித்த ஓட்டை, கொப்பு விழுந்து கிழித்த உள்ளங்கையளவு கிழிசல் இவற்றுக்குப் புதுக் கவர் வேண்டாம். ஒட்டுத் துணி போதும், இரண்டு பக்கமும் போட்டால் நல்லது. ஸ்பிரிங், பக்கிள், ஆங்கர் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். வலை வெளிறி, வசந்தத்தில் குளம் ஒவ்வொரு வருடமும் முன்னைவிடப் பச்சையாகத் திறக்கிறதென்றால், பாசியை வளர்க்கும் வெளிச்சம் கூடுதலாக உள்ளே போகிறது என்று அர்த்தம்.

வலையா, தண்ணீர் புகாத முழு வினைலா என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. ஒன்ராறியோ வீட்டுக் குளத்துக்கு வலைதான் சரி என்பது இங்கே சொல்லும் கட்சி. வினைல் கவருக்குக் கீழே தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், உண்மை. ஆனால் மழையும் உருகிய பனியும் மேலே தேங்கும். பம்பு வைத்து இறைக்க வேண்டும், பம்பு நின்ற அன்று மேலே ஒரு சின்னக் குளம் கட்டிவிடும். பிள்ளைகளுக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து. வலை தன்னால் வடிக்கும், பாரமும் குறைவு, இரண்டு பேர் தூக்கலாம். மெல்லிய சேறு உள்ளே இறங்குவது அதன் குறை. வெளிச்சத்தை ஏறக்குறைய முழுதாக மறைக்கும் அடர்வலையும் உண்டு, அது சற்று மெதுவாக வடியும்.

அளவு எடுப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பழைய கவரைப் புல்லில் விரித்து அளந்து அனுப்புவது மிகப் பெரிய தவறு. பத்து வருடம் பனியில் தொங்கிய கவர் நீண்டிருக்கும், அதுவும் ஒரே சீராக நீண்டிருக்காது. குளத்தை அளங்கள். அல்லது லேபிளில் உள்ள தொடர் எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். பெரிய நிறுவனங்கள் தைத்த கவரின் வரைபடத்தை அந்த எண்ணின் கீழ் வைத்திருப்பது வழக்கம். அதே நிறுவனத்தில் அதே வரைபடத்தின்படி வாங்கினால் பட்டிகள் பழைய ஆங்கர்களுக்கு நேராக வந்து விழும், துளையிடும் வேலை பெரும்பாலும் மிச்சம். நிறுவனத்தை மாற்றினால் ஆங்கர் பொருந்தலாம், பட்டி இருக்கும் இடம் பொருந்தாது.

செவ்வகக் குளமானால் நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம். மூலைவிட்டங்கள் இரண்டும் ஒரே அளவாக இல்லாவிட்டால் குளம் கோணலாகக் கட்டியிருக்கிறது, அதைச் சொல்லியே ஓடர் கொடுக்க வேண்டும். கவர் எல்லாப் பக்கமும் ஓர் அடி வெளியே படுக்கும். 16க்கு 32 அடிக் குளத்துக்கு 18க்கு 34 அடிக் கவர். குளத்தின் அளவைச் சொல்கிறீர்களா, கவரின் அளவையா என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள். படி வெளியே நீட்டியிருந்தால் அதன் அகலம், நீட்டம், எந்த மூலையிலிருந்து எத்தனை அடி என்பது வேண்டும். "இடப்பக்கம்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆழமான பக்கம் நின்று பார்த்த இடமா, ஆழமில்லாத பக்கம் நின்று பார்த்த இடமா? கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பித் தைத்த கவர் வந்து சேர்ந்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். படம் வரைந்து அனுப்புங்கள்.

வளைந்த குளத்துக்கு இரு புள்ளி முறை. குளத்தின் நீளப் பக்கத்துக்கு இணையாக, விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி ஏ, பி என்று இரண்டு ஆணி அடியுங்கள். இரண்டுக்கும் இடைத்தூரம் குளத்தின் நீளத்தில் பாதிக்கு மேல் இருந்தால் பிழை குறையும். குளத்தின் விளிம்பில் சோக்கால் 1, 2, 3 என்று இரண்டு மூன்று அடிக்கு ஒரு புள்ளி குறியுங்கள், கூர்மையான வளைவில் ஓர் அடிக்கு ஒன்று. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏயிலிருந்து ஒரு தூரம், பியிலிருந்து ஒரு தூரம், அரை அங்குலம் பிசகாமல். துணி நாடா நீளும், வேண்டாம். கணக்கைச் சரிபார்க்க வழி உண்டு: ஒரு புள்ளியின் ஏ தூரமும் பி தூரமும் கூட்டினால் ஏ-பி இடைத்தூரத்தைவிடக் கூடவே இருக்கும். இரண்டின் வித்தியாசம் அந்த இடைத்தூரத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இல்லையென்றால் இலக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். இதற்குமேல் குறுக்கே நான்கைந்து நேர் அளவுகளும் எடுத்து அனுப்புங்கள். டைவிங் பலகை, சறுக்கு, உயர்த்திய சுவர், நீர்வீழ்ச்சிக் கல் எல்லாவற்றுக்கும் புள்ளி வேண்டும். ஏணிக் கைப்பிடியைக் குளிர்காலத்துக்குக் கழற்றிவிட முடியுமென்றால் கழற்றிவிடுங்கள். அதற்காக வெட்டும் ஒவ்வொரு வெட்டும் ஓர் இடைவெளி.

இனி ஆங்கர். பழைய கவரைக் கழற்றிய கையோடு, புதுசு வருவதற்கு முன்பே, ஒவ்வோர் ஆங்கரையும் அலன் கீயால் மேலே திருகி, திரும்பக் கீழே இறக்கிப் பாருங்கள். திரும்பாததில் மண் இறுகியிருக்கும். வாக்குவம் வைத்து உறிஞ்சி, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். பலம் காட்டித் திருகினால் பித்தளை அறுகோணக் குழி உருண்டுவிடும், பிறகு ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டர் தேட வேண்டும். உள்திருகு மட்டும் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். வெளிக்கூடே துளைக்குள் சுற்றினால் எடுத்துவிட்டு, துளையைத் துடைத்து, எபோக்சியில் பதியுங்கள். கான்கிரீட்டே வெடித்திருந்தால் அந்தத் துளையை மறந்துவிட்டு வேறிடம் பாருங்கள்.

புது ஆங்கர் வழக்கமாகக் குளத்தின் விளிம்பிலிருந்து 30 அங்குலத்தில் வரும்: கவர் 12 அங்குலம், பட்டியும் ஸ்பிரிங்கும் 18. 16க்கு 32 அடிக் குளத்துக்கு, பட்டிகளை ஐந்தடிக்கு ஐந்தடிக் கட்டமாகத் தைத்த கவரில், ஏறக்குறைய 20 ஆங்கர் தேவைப்படும். துளை முக்கால் அங்குல விட்டம், ஆங்கரின் நீளத்தைவிடக் கால் அங்குலம் ஆழம். பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண டிரில்லால் முடியாது, ரோட்டரி ஹாமர் வாடகைக்கு எடுங்கள். ஈரத் தளத்தில், மின்சாரம் கசிந்தால் தன்னால் நிறுத்தும் ஜிஎஃப்சிஐ பிளக்கில் மட்டும் போடுங்கள், மாஸ்க் கட்டுங்கள். கான்கிரீட் பலகையின் விளிம்புக்கு மூன்று நான்கு அங்குலத்துக்குள் துளைத்தால் வெடிக்கும். பேவர் கல்லில் ஆங்கரை மட்டும் பதித்தால் முதல் பெரும்பனியில் கல்லே எழும்பி வந்துவிடும். கல்லைத் துளைத்து, 18 அங்குல அலுமினியக் குழாயைக் கீழே மண்ணுக்குள் இறக்கி, அதன் தலையில் ஆங்கர் உட்கார வேண்டும். புல்தரையிலும் அதே குழாய்தான், புல்வெட்டியில் மாட்டாதபடி தரைமட்டத்துக்கு அடியுங்கள். மர டெக்கில் விளிம்புத் தட்டுள்ள ஆங்கர், பலகையில் மட்டுமல்லாமல் கீழே ஒரு கட்டை வைத்துப் பிடிக்க வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இந்த 18 அங்குலக் குழாய்க்கே சொன்னதுபோல் இருக்கும். குளத்தைச் சுற்றி மண்ணுக்குள் வெறும் செம்புக் கம்பி ஓடலாம், ஸ்கிம்மரிலிருந்து (குளத்தின் மேல்நீரை உள்ளிழுக்கும் வாய்) பம்புக்குப் போகும் குழாயும் ஓடும், விளக்கின் வயரும் ஓடும். நிலத்தடி இணைப்புகளைக் குறிக்க ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ ஒன் கோலை முன்கூட்டியே அழையுங்கள். ஆனால் அவர்கள் குறிப்பது தெருவிலிருந்து வரும் இணைப்புகளை மட்டும்தான். பம்பு வீட்டிலிருந்து குளத்துக்குப் போவது உங்கள் சொந்தப் பொருள், அதை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

விரிக்கும் நாளில் காற்று இருக்கக்கூடாது. கவரை ஒரு முனையில் விசிறிபோல் மடித்து வைத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுங்கள். முதல் முனையின் பட்டிகளை ஆங்கரில் மாட்டிவிட்டே மறுமுனைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நனைந்த கவரைக் குளத்திலிருந்து தூக்க நான்கு பேர் தேவைப்படுவார்கள். எல்லாப் பக்கமும் 12 அங்குலம் படுகிறதா என்று பார்த்த பிறகே மீதித் துளைகளைக் குறியுங்கள். பட்டி அது ஓடும் நேர்க்கோட்டிலேயே ஆங்கருக்குப் போக வேண்டும், சரிந்து போனால் ஒரு பக்கத் தையல் மட்டும் இழுபடும். பிறகு கார்ச் சக்கரத்தின் நட்டை முடுக்குவதுபோல எதிரெதிராக மாட்டிச் செல்லுங்கள்: மூலைகள், நடு, பிறகு மற்றவை. ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கட்டங்கள் கோணலாகிவிடும், அதைத் திருத்த எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்கை ஆங்கரில் மாட்டும் கம்பியால் நெம்பும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். அது வழுக்கினால் முழங்காலைத் தேடி வரும்.

ஸ்பிரிங் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை அமுங்கியிருக்க வேண்டும். முழுதாக அமுக்கிவிட்டால் பனி வரும்போது நீள இடமில்லை, தையலோ ஆங்கரோ ஒன்று போகும். தளர்ந்திருந்தால் காற்றில் படபடத்து விளிம்புக்கல்லில் தேயும், ஓரத்தில் இடைவெளியும் விழும். புதுப் பட்டி முதல் சில வாரங்களில் நீளும், ஒருமுறை மறுபடி முடுக்குங்கள். மிச்சப் பட்டியை முதல் குளிர்காலம் முடியும்வரை வெட்டாதீர்கள். வெட்டினால் நுனியை லைட்டரில் உருக்கிவிடுங்கள்.

நல்ல கவர் முதல் வருடமே கிழிந்தால் முதலில் நீர்மட்டத்தைக் கேளுங்கள். வலைக் கவருக்குத் தண்ணீர் விளிம்பிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே போகக்கூடாது. பனி ஏறும்போது கவர் தொங்கி, தண்ணீரிலோ உறைந்த பனிக்கட்டியிலோ போய் உட்கார வேண்டும், அப்போது சுமையைக் குளமே தாங்கிக்கொள்ளும். தண்ணீர் எட்டாத ஆழத்தில் இருந்தால் கவர் அந்தரத்தில் தொங்கும், பாரம் முழுதும் பட்டிக்கு. நீரை அளவுக்கு மீறி இறைத்துவிட்டு மூடுவதும், குளம் மெல்லக் கசிவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். மாதம் ஒருமுறை ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். கவர் உறைந்து ஒட்டியிருந்தால் தூக்காதீர்கள், மேலே உள்ள பனியை மண்வெட்டியால் அள்ளவும் வேண்டாம். மறுபுறம், மழையும் பனியும் வலை வழியே இறங்கி மட்டம் ஏறும், ஸ்கிம்மர் வாய்க்கு வரும் முன் இறைத்துவிடுங்கள். தண்ணீர் 15 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர்ந்த பிறகு மூடி, வசந்தத்தில் 15ஐத் தாண்டும் முன் திறந்தால் பாசிக்கு வாய்ப்புக் குறைவு.

பழைய கவரை அப்படியே குப்பைக்குப் போடாதீர்கள். ஸ்பிரிங்குகளையும் பக்கிள்களையும் கழற்றி ஒரு டின்னில் போட்டு வையுங்கள். வலையின் நைந்துபோகாத பகுதியை ஓரடி அகலத் துண்டுகளாக வெட்டி இரட்டையாக மடித்து, பட்டி விளிம்புக்கல்லைக் கடக்கும் இடங்களில் புதுக் கவருக்கு அடியில் செருகுங்கள். கரடுமுரடான கல் விளிம்பு உள்ள குளத்தில் முதலில் தேய்வது அந்தப் பழந்துணியாகத்தான் இருக்கும்.