சான்டா கிளாரா கவுண்டியில் ஒரு திவால் வழக்கைத் தேடிப் படித்த அனுபவம்

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம், மில்பிடாஸில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு 6,000 டாலர் முன்பணம் கொடுத்தோம். கலிஃபோர்னியாவில் வீட்டுச் சீரமைப்பு வேலைக்கு 1,000 டாலர் அல்லது மொத்தத் தொகையில் பத்து விழுக்காடு, இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்ற சட்டம் அப்போது எங்களுக்குத் தெரியாது. பழைய அலமாரிகளைப் பெயர்த்து முற்றத்தில் அடுக்கியதோடு வேலை நின்றது. ஏப்ரல் முடிவதற்குள் அவர் தொலைபேசியையும் எடுக்காமல் விட்டார். ஜூன் நடுவில், அவரிடமே குளியலறை வேலைக்குப் பேசிவைத்திருந்த தோழி ஒருத்தி அழைத்து, "அக்கா, அவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதாக அவரிடம் வேலை பார்த்த தச்சர் சொல்கிறார், உங்களுக்கு ஏதாவது தபால் வந்ததா?" என்று கேட்டாள். எங்களுக்கு எதுவும் வரவில்லை. அந்தச் செய்தி உண்மைதானா என்று அறிவதற்கே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அந்த ஒரு வாரத்திலும் பிறகும் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நான் முதலில் போனது தவறான நீதிமன்றத்துக்கு. சான் ஹோசேயில் நார்த் ஃபர்ஸ்ட் தெருவில் இருக்கும் கவுண்டி நீதிமன்றத்தில் சிறு வழக்குப் பிரிவு உண்டு. தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். வழக்குப் போடும் எண்ணத்தோடும், அவர் பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் எண்ணத்தோடும் அங்கே சென்றேன். கவுண்டியின் பதிவேட்டில் திவால் தொடர்பாக ஒரு வரிகூட இல்லை, இருக்கவும் முடியாது. அமெரிக்காவில் திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசியல் சாசனம் நாடாளுமன்றத்துக்குக் கொடுத்திருப்பதால், திவால் வழக்குகள் அனைத்தும் கூட்டாட்சி நீதிமன்றங்களிலேயே நடக்கின்றன. கடன்பட்டவர் வசிக்கும் கவுண்டி எது என்பது, அந்த வழக்கு எந்தக் கிளைக்குப் போகும் என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. கலிஃபோர்னியா வடக்கு மாவட்டத் திவால் நீதிமன்றத்துக்கு சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லண்ட், சான் ஹோசே, சான்டா ரோசா என நான்கு கிளைகள். சான்டா கிளாரா, சான்டா குரூஸ், சான் பெனிட்டோ, மான்டெரே ஆகிய நான்கு கவுண்டிகளும் சான் ஹோசே கிளையைச் சேர்ந்தவை. அந்தக் கிளை அதே தெருவின் தெற்குப் பகுதியில், சௌத் ஃபர்ஸ்ட் தெருவில், கூட்டாட்சிக் கட்டடத்தில் இருக்கிறது.

அங்கே போவதற்கு முன் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம் என்று பேஸர் எனப்படும் கூட்டாட்சி நீதிமன்ற ஆவணத் தளத்தில் கணக்குத் தொடங்கினேன். கடன் அட்டை விவரத்தைக் கொடுத்ததால் கணக்கு உடனே திறந்தது. கொடுக்காவிட்டால் கணக்கைச் செயல்படுத்தும் குறியீடு தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். ஓர் ஆவணம் எத்தனை பக்கம் இருந்தாலும் 3 டாலருக்கு மேல் போகாது. ஆனால் பெயர் தேடலுக்கு அந்த வரம்பு கிடையாது. எதுவும் கிடைக்காத தேடலுக்கும் 10 சென்ட் உண்டு. மூன்று மாதக் காலாண்டில் மொத்தம் 30 டாலருக்குள் இருந்தால் ஒன்றும் வசூலிப்பதில்லை என்பதால், எங்களைப் போல ஒரே ஒரு வழக்கைப் பார்ப்பவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தின் தலைப்பில் இருந்த கம்பெனிப் பெயரைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. அவர் எங்களிடம் சொல்லிக்கொண்ட பெயரைத் தட்டினேன். மாநிலம் முழுவதிலும் இருந்து இரண்டு பக்கத்துக்குப் பெயர்கள் வந்தன, எதுவும் அவருடையதாகத் தெரியவில்லை. நம்மவர்களின் பெயர்களில் எது முதற்பெயர், எது குடும்பப் பெயர் என்று படிவத்துக்குப் படிவம் மாறுவதைப் பார்த்துப் பழகியிருந்ததால், இவருக்கும் சட்டப்படியான பெயர் வேறாக இருக்கலாம் என்று தோன்றியது. ஒப்பந்தத் தாளின் அடியில் அவருடைய உரிம எண் அச்சாகியிருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்கும் மாநில வாரியத்தின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்ததும் உரிமையாளரின் முழுப்பெயர் கிடைத்தது. அவர் எங்களிடம் சொன்னது அதன் நடுப்பகுதியை மட்டுமே. முழுப்பெயரோடு மறுபடி தேடியபோது, மே மாதத் தொடக்கத்தில் பதிவான ஒரு வழக்கு முன்னால் வந்து நின்றது. எண் 24 என்று தொடங்கி, சிறு கோட்டுக்குப் பின் 5 என்று ஆரம்பித்தது. 24 என்பது ஆண்டு. 5 என்பது சான் ஹோசே கிளையின் அடையாளம். திவால் மனுவின் முதல் பக்கத்திலேயே கடந்த எட்டு ஆண்டுகளில் பயன்படுத்திய வேறு பெயர்களையும் வணிகப் பெயர்களையும் எழுத வேண்டிய இடம் உண்டு. அங்கே எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த கம்பெனிப் பெயர், ஓர் எழுத்து மாறி எழுதப்பட்டிருந்தது. என் முதல் தேடல் வெறுங்கையோடு திரும்பியதற்கு அந்த ஓர் எழுத்தே காரணம் என்று நினைக்கிறேன்.

மறுநாள் நேரிலேயே சென்றேன். நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பொதுமக்களுக்கான கணினியில் எந்த ஆவணத்தையும் கட்டணமில்லாமல் படிக்கலாம். அச்செடுத்தால் மட்டும் பக்கத்துக்கு 10 சென்ட். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்று அங்கிருந்தவர்கள் பொறுமையாகக் காட்டினார்கள். "நான் என்ன செய்யலாம்?" என்று கேட்டபோது மட்டும், சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்று மென்மையாக மறுத்தார்கள். அது அவர்களுக்கான விதி. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

டாக்கெட் என்பது வழக்கின் நாட்குறிப்பு. ஒவ்வொரு வரியிலும் தேதியும் வரிசை எண்ணும் இருக்கும். எண்ணை அழுத்தினால் ஆவணம் திறக்கும். கடைசியில் என்ன ஆயிற்று என்று அறியும் ஆவலில் கீழிருந்து மேலே படித்து, தலையும் காலும் புரியாமல் குழம்பினேன். முதல் வரியிலிருந்து ஒழுங்காகப் படிக்கத் தொடங்கிய பிறகே வழக்கு புரிந்தது. அது சாப்டர் 7 வழக்கு, அதாவது கடன்பட்டவரின் சொத்தில் சட்டம் விட்டுவைப்பது போக மிச்சம் இருந்தால் அதை விற்றுக் கடன்காரர்களுக்கு, அதாவது பணம் வர வேண்டியவர்களுக்கு, பங்கிட்டு, மீதிக் கடனிலிருந்து அவரை விடுவிக்கும் வகை. ஐந்தாவது வரியில் தபால் அனுப்பியதற்கான சான்று இருந்தது. அதைத் திறந்தபோது, முகவரிகளின் வரிசையில் என் பெயரைக் கண்டேன். அதன் கீழே இருந்தது நாங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலி செய்த சன்னிவேல் குடியிருப்பின் முகவரி. எங்கள் காசோலையில் இன்னும் அச்சாகிக்கொண்டிருந்த முகவரி அதுதான். அன்றே, அங்கேயே, முகவரி மாற்றத்துக்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து ஷெட்யூல்கள், அதாவது கடன்பட்டவர் தன் சொத்தையும் கடனையும் வரவுசெலவையும் எழுதித் தரும் பட்டியல்கள். ஏ/பி என்பது சொத்து, டி என்பது அடமானக் கடன், ஈ/எஃப் என்பது அடமானமில்லாத கடன், ஐயும் ஜேயும் மாத வரவும் செலவும். ஈ/எஃப் பட்டியலில் எங்களுக்குத் தர வேண்டிய தொகை 2,000 டாலர் என்று எழுதப்பட்டு, 'மறுக்கப்படுகிறது' என்ற சிறு கட்டத்தில் குறியிடப்பட்டிருந்தது. எனக்கு அப்போது வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஷெட்யூல் ஜேயில் மூன்று பிள்ளைகளின் வயதும், மாத உணவுச் செலவும், வரவைவிடச் செலவு கூடுதலாக நின்ற கடைசி வரியும் இருந்தன. அவற்றைப் படித்தபோது கோபம் வேறொன்றாக மாறியது. யாரும் வந்து படிக்கக்கூடிய ஆவணம் அது. சமூகப் பாதுகாப்பு எண்ணில் கடைசி நான்கு இலக்கம், பிறந்த நாளில் ஆண்டு மட்டும், சிறுவர்களின் பெயருக்குத் தலைப்பெழுத்து என்று விதி சிலவற்றை மறைக்கிறது. மற்றவை எல்லாம் வெளிச்சத்தில் இருக்கின்றன. எனக்குத் தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்துக்கொண்டேன். மற்ற விவரங்களை யாரிடமும் பேசவில்லை.

வழக்கு பதிவான நொடியிலிருந்தே கடன் வசூல் அனைத்துக்கும் தடை அமலாகிவிடுகிறது. சிறு வழக்கும் போட முடியாது, பணம் கேட்டுக் குறுஞ்செய்தியும் அனுப்பக் கூடாது. மே மாதம் முழுவதும் நான் அனுப்பிக்கொண்டிருந்தேன்; வழக்கு இருப்பது தெரிந்த அன்றோடு நிறுத்தினேன்.

கடன்காரர்களுக்கு அனுப்பப்படும் அறிவிப்பைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அதில், கொடுப்பதற்குச் சொத்து இருப்பதாகத் தெரியவில்லை, எனவே வர வேண்டிய தொகையைக் கேட்கும் கோரிக்கைப் படிவத்தை இப்போது அனுப்ப வேண்டாம் என்று இருந்தது. அதோடு இரண்டு தேதிகள். ஒன்று, 341 கூட்டம் என்று அழைக்கப்படும் கடன்காரர் கூட்டத்தின் தேதி. அது ஜூன் தொடக்கத்திலேயே கடந்துவிட்டிருந்தது. மற்றொன்று, மோசடியால் உண்டான கடன் என்பதால் அதை விடுவிக்கக் கூடாது என்று வழக்குப் போடுவதற்கான கடைசி நாள். கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாட்கள். கூட்டம் தள்ளிப்போனாலும் இந்த நாள் தானாகத் தள்ளிப்போகாது. எங்களுக்கு ஆகஸ்ட் தொடக்கம் வரை நேரம் இருந்தது. ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்து வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டோம். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், பதிவுக் கட்டணமே 350 டாலர், அதற்கு மேல் தன் கட்டணம், எங்கள் கையில் இருக்கும் சான்று போதாது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வழியை விட்டுவிட்டோம்.

டாக்கெட்டில் இன்னொரு சிறிய வரி இருந்தது: கூட்டம் முடிக்கப்படாமல் ஜூலைக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஒத்திவைப்பு என்றால் டிரஸ்டி, அதாவது கடன்பட்டவரின் சொத்தைத் தேடி விற்றுப் பங்கிட நியமிக்கப்பட்டவர், இன்னும் எதையோ தேடுகிறார் என்று பொருள் கொள்ளலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கூட்டம் ஜூமில் நடந்தது. டிரஸ்டி ஒப்பந்தக்காரரிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டு, மனு போடுவதற்குச் சில மாதங்கள் முன்பு உறவினர் பெயருக்கு மாற்றப்பட்ட ஒரு சரக்கு வண்டியைப் பற்றியே பெரும்பாலும் கேட்டார். கடைசியில் எனக்கும் சில நிமிடங்கள் கிடைத்தன. எங்கள் 6,000 டாலர் எங்கே போயிற்று என்று கேட்டேன். முந்தைய வாடிக்கையாளருக்கு வாங்க வேண்டியிருந்த அலமாரிகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் பதிலோடு, 2,000 என்று எழுதியது தவறு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார்.

ஜூலை முடிவதற்குள், பங்கிடச் சொத்து கிடைக்கலாம், கோரிக்கைகளை அக்டோபருக்குள் அனுப்புக என்ற புதிய அறிவிப்பு வந்தது. இம்முறை சரியான முகவரிக்கு வந்தது. கோரிக்கைப் படிவத்தின் எண் 410. அதைத் தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. அதில் முன்னுரிமை பற்றிய கேள்வி ஒன்று உண்டு; அதைக் கடந்துபோய்விடுவது எளிது. வீட்டு உபயோகத்துக்கான பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்து, கிடைக்காமல் போன முன்பணத்துக்குச் சட்டம் முன்னுரிமை தருகிறது. எங்கள் வழக்கு பதிவான காலத்தில் அதன் உச்சவரம்பு ஒருவருக்கு 3,350 டாலர். 2025 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் வழக்குகளில் அது 3,800. வரிசையில் இந்த முன்பணம் வரிக் கடனுக்கும் முன்னால் நிற்கிறது என்பதைப் படித்தபோது நம்ப முடியாமல் இரண்டு முறை சரிபார்த்தேன். 3,350ஐ முன்னுரிமைக் கடனாகவும் மீதி 2,650ஐச் சாதாரணக் கடனாகவும் பிரித்து எழுதி, ஒப்பந்தத்தின் நகலையும், கணக்கு எண்ணில் கடைசி நான்கு இலக்கம் தவிர மற்றதை மறைத்த காசோலை நகலையும் இணைத்தேன். கோரிக்கைப் பதிவேட்டில் எங்களுக்கு 7 என்ற எண் கிடைத்தது. தோழியினுடையது 9.

ஆகஸ்டில் அவருக்குக் கடன் விடுவிப்பு உத்தரவு வந்ததாக டாக்கெட் காட்டியபோது, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஒரு மாலை முழுவதும் சோர்ந்திருந்தேன். அது என் அறியாமை. டிஸ்சார்ஜ் என்றால் இனி அவரிடம் தனிப்பட்ட முறையில் கேட்க முடியாது என்பதே பொருள். டிரஸ்டி கையில் இருக்கும் சொத்தில் நம் பங்கு அப்படியே இருக்கும். டிஸ்மிஸ் என்று இருந்தால் வழக்கே தள்ளுபடி, கடன் பழையபடி நிற்கும், தடையும் நீங்கும். குளோஸ்டு என்பது கோப்பு மூடப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. கடன் என்ன ஆயிற்று என்பதை அந்தச் சொல்லிலிருந்து அறிய முடியாது. இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிப் பலர் பாதியிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். என் தோழியும் அக்டோபர் வரை படிவம் அனுப்பாமல் இருந்ததற்கு அதுவே காரணம்.

அதன் பிறகு காலாண்டுக்கு ஒருமுறை டாக்கெட்டைப் பார்த்துவந்தேன். வண்டியை விற்க நீதிமன்ற அனுமதி, விற்பனை அறிக்கை, டிரஸ்டியின் ஊதியக் கோரிக்கை என்று வரிகள் மெதுவாகச் சேர்ந்தன. 2025 செப்டம்பரில் டிரஸ்டியின் இறுதி அறிக்கை வந்தது. அதன் அட்டவணையில் நிர்வாகச் செலவு முதலில், அடுத்து முன்பணம் கொடுத்த நான்கு பேர்; சாதாரணக் கடன்களுக்கு எதிரே பூஜ்யம். எங்கள் வரியில் 2,140 டாலர் என்று இருந்தது. காசோலை நவம்பரில் மில்பிடாஸ் முகவரிக்கே வந்தது.