சுவரோரம் நாலடி இடம்

காம்பவுண்டு சுவரை ஒட்டிப் பத்தடிக்கு நாலடி இடம் சும்மா கிடக்கிறது. நடுவில் சம்பங்கிக் கிழங்கு, சாண் இடைவெளியில். மெக்சிகோவிலிருந்து வந்த செடிதான், ஆனாலும் அந்த வாசனையை விட மனசில்லை. அடியில் இரண்டு மூன்று மொட்டு விரிந்ததும், வெயில் ஏறுமுன் தண்டோடு வெட்டிச் செம்புத் தண்ணீரில் வைத்தால், மீதி மொட்டுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாய் விரியும். ஓரத்தில் நம்மூர்க் கனகாம்பரம். மணம் கிடையாது, ஆனால் அரைநிழலிலும் பூக்கும். வெயில் காயும் மூலை ஆவாரைக்கு. வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் கேட்காது.

செங்காந்தளும் ஆசைதான். கிழங்கு கடும் விஷம், வீட்டு வாண்டோ எதையும் வாயில் வைக்கிறது. சரி, அப்புறம் பார்க்கலாம்.

அம்மா மட்டும், "தலையில வைக்கிற பூவைச் செம்புல வைப்பாங்களா?" என்று முறைக்கிறார்.