உப்புத் தண்ணீர்த் தொட்டியில் நெரைட் நத்தை

திருப்பரங்குன்றம் பக்கம் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. கடல் தண்ணீர் மாதிரி அல்ல, சுண்ணாம்புச்சத்து கலந்த கடினத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு லேசில் வேகாது. நத்தைக்கு மட்டும் அது வரப்பிரசாதம். நத்தை ஓடு கால்சியம் கார்பனேட். அமிலத்தன்மையுள்ள மென்தண்ணீரில் அது அரித்துப்போகும். இங்கே கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு போட்டு வைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இரண்டடித் தொட்டி. கப்பி, மோலி மீன்கள் ஓடுகின்றன. கண்ணாடியில் பச்சைப் புள்ளியாக ஒட்டிய பாசி ஸ்பாஞ்சுக்கு அசையாது, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டும். அதற்காகத்தான் பாசி மேயும் நெரைட் நத்தையை, ஓட்டில் வரி போட்ட வகையை, வாங்கப் போனேன். கடைக்காரர், "ஆப்பிள் நத்தை எடுங்கண்ணே, மஞ்சளா அழகா இருக்கும்" என்றார். அழகுதான். ஆனால் அது பாசியைவிட மீன் தீனி எங்கே விழுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்.

நெரைட்டையே வாங்கி விட்டேன். முதலில் காணாமல் போனது கண்ணாடியில் படிந்திருந்த பழுப்புப் படலம். பச்சைப் புள்ளி மெதுவாகத்தான் குறைந்தது. விளக்கு எரியும் நேரத்தையும் 6 மணி நேரமாகக் குறைத்திருந்தேன், அதனால் முழுப் பெயரையும் நத்தைக்குக் கொடுக்க மாட்டேன். ஃபில்டர் குழாயில் தொங்கும் நூல்பாசியை அவை தொடவே இல்லை. அதைப் பழைய டூத்பிரஷில் சுற்றி இழுத்துவிடுகிறேன்.

மரக்கட்டை முழுக்க எள் தெளித்த மாதிரி வெள்ளை முட்டைகள். நன்னீரில் அவை குஞ்சாகி வளராது, குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும். பெருகித் தொல்லை தராது என்பது நிம்மதி, ஆனால் முட்டையைச் சுரண்டி எடுப்பதற்குள் நகம் தேய்ந்துவிடும்!

அக்னி நட்சத்திரம்தான் உண்மையான சோதனை. சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். நத்தைகள் தண்ணீரை விட்டு மேலே ஏறுகின்றன என்றால் கவனிக்க வேண்டும். மூடியை எடுத்து வலை கட்டி, சிறிய மேசை ஃபேனைத் தண்ணீரின் மேல் வீசவிட்டேன். சூடு சில டிகிரி இறங்கியது. பதிலுக்குத் தண்ணீர் வேகமாக வற்றும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். அதனால் வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். அதற்கும் போர் தண்ணீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் மருந்துப் பாட்டிலைப் படித்துவிட்டுத் தொடுங்கள். தாமிரம் கலந்த மருந்து நத்தையைக் கொன்றுவிடும். மீனைத் தனி வாளிக்கு மாற்றி வைத்தியம் பார்ப்பதே மேல். மல்லாந்து கிடக்கும் நெரைட் பல நேரம் தானாகத் திரும்பாது, நாம்தான் புரட்டிவிட வேண்டும். செத்துவிட்டதா என்ற சந்தேகம் வந்தால் மோந்து பாருங்கள், நாற்றமே சொல்லிவிடும்.

இப்போது கண்ணாடி சுத்தம். அப்புறம் இவை எதைத் தின்னும்? வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டைச் செடியோடு வந்த குட்டி நத்தைகள் மொய்த்தன, நெரைட் சீண்டவில்லை. பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டிருக்கிறேன். மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் கூழாங்கற்களை வெயிலில் போட்டு, பச்சை பிடித்ததும் தொட்டிக்குள் மாற்றி மாற்றி வைக்கிறேன்.