மலையுச்சியிலிருந்து எஃப்.டி.8

2002-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ திட்டத்தில், மலையேறும் அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலியாளர் புள்ளி பெற உச்சியிலிருந்து 4 வானொலித் தொடர்புகளையாவது முடிக்க வேண்டும். குரல் எடுபடாத மோசமான அலைச்சூழலிலும் 5 வாட் அனுப்புதிறனையும் ஒரு கம்பி ஆன்டெனாவையும் கொண்டு அந்த நான்கைத் தேற்றிவிட முடிகிறதென்றால், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் 2017-இல் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற, கணினி வழியே குறுஞ்செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறையே அதற்குக் காரணம். 15 விநாடிக்கு ஒருமுறை இருதரப்பும் மாறி மாறி அனுப்புவதால் கடிகாரம் பிசகக் கூடாது. கைபேசிச் சிக்னல் எட்டாத உச்சிகளில் சிறு ஜி.பி.எஸ். கருவியிலிருந்துதான் நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். நண்பகல் வெயிலில் மடிக்கணினித் திரை கண்ணுக்கே தெரியாது என்பதால், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு அழைப்புக்குறிகளை (வானொலியாளர்களின் அடையாளக் குறிகளை) படிக்க வேண்டியிருக்கிறது (பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ!). ஆனாலும் அழைப்புக்குறி, இடக்குறியீடு, சிக்னல் அளவு என்பவற்றோடு முடிந்துவிடும் இத்தொடர்புகள் எனக்கு நிறைவு தருவதில்லை. புள்ளி சேர்ந்ததும் மோர்ஸ் தந்திச் சாவியைத்தான் எடுக்கிறேன்.