பெயரைச் சொன்னால் தூக்கு

ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகருக்குக் குடிவந்ததிலிருந்து என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப்பெயர். படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதே! இங்கேயும் பல பெயர்கள் அப்படி வந்தவைதான். 'மெக்' என்றால் மகன். மெக்கிரெகர், கிரெகரின் மகன். இந்தப் பெயரை ஸ்காட்லாந்து அரசு சட்டம் போட்டே ஒழிக்கப் பார்த்தது.

எல்லாம் நிலத் தகராறுதான். கிளென் ஆர்க்கி, கிளென் ஸ்ட்ரே பள்ளத்தாக்குகளில் மெக்கிரெகர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். ஆனால் அரசரிடம் பட்டயம் வாங்கி வைத்திருந்தவர்கள் கேம்ப்பெல்கள். வாள் பிடித்த கைக்கே நிலம் என்று மெக்கிரெகர்கள் இருக்க, பத்திரம் வைத்திருந்தவர்கள் மெல்ல மெல்ல விரட்டினார்கள். நிலம் போனதும் மாடு திருட்டு, கொள்ளை. அப்பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை.

1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயினில் கஹூன் குலத்தாரை வெட்டிச் சாய்த்தார்கள். அரசர் ஆறாம் ஜேம்ஸுக்கு அப்போதுதான் இங்கிலாந்தின் மகுடமும் கிடைத்திருந்தது. ஏப்ரல் 5 அன்று லண்டனுக்குக் கிளம்பினார். அதற்கு இரண்டு நாள் முன்பு ஆணை பிறந்தது: மெக்கிரெகர் என்ற பெயரை விட்டுவிட வேண்டும், மீறினால் மரணம்.

குலத்தலைவர் அலஸ்டரைப் பிடித்த கதை அசல் கேம்ப்பெல் வேலை. "உன்னைப் பத்திரமாக ஸ்காட்லாந்துக்கு வெளியே சேர்க்கிறேன்" என்று வாக்குக் கொடுத்தார் கேம்ப்பெல்களின் தலைவரான ஆர்கைல் பிரபு. சொன்னபடியே எல்லை தாண்டி பெரிக் வரை கூட்டிப் போனார். அப்புறம் அங்கிருந்து அப்படியே எடின்பரோவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். 1604 ஜனவரியில் தூக்கு. வாக்கும் தவறவில்லை பாருங்கள்!

பின்னால் வந்த சட்டங்கள் இன்னும் நுணுக்கமானவை. நான்கு பேருக்கு மேல் கூடக்கூடாது. இறைச்சி நறுக்க முனையில்லாத கத்தி மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1633-இல், அந்தப் பெயரில் எந்தப் பாதிரியாரும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது, யாரும் பத்திரம் எழுதித் தரக்கூடாது என்றார்கள். எனக்குத் தூக்கை விடவும் குரூரமாகப் படுவது இதுதான். பத்திரம் இல்லாமல் நிலத்தை இழந்தவர்களுக்கு இனிப் பத்திரமே கிடையாது.

சரி, என்ன செய்வார்கள்? மர்ரே, கிரஹாம், டிரம்மண்ட், ஸ்டூவர்ட் என்று கிடைத்த பெயருக்குள் புகுந்துகொண்டார்கள். 1661-இல் தடை நீங்கியது. 1693-இல் திரும்ப வந்தது. இந்தக் குலத்தின் புகழ்பெற்ற சட்டவிரோதி ராப் ராய் மெக்கிரெகர் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்டது அம்மா வீட்டுப் பெயரை. அம்மா வீடு எது? கேம்ப்பெல்! அதனால்தான் இன்றைக்கும் இங்கே மர்ரே என்றோ கிரஹாம் என்றோ இருப்பவர்களில் சிலர், "நாங்கள் உண்மையில் மெக்கிரெகர்கள்" என்கிறார்கள். எல்லாரையும் நம்ப வேண்டியதில்லை. நாடுகடத்தப்பட்ட பெயருக்கு ஒரு கவர்ச்சி உண்டு.

1774-இல் தடை முற்றிலும் ரத்தானது. அதன்பின் குலத்தார் தலைவராக ஏற்றுக்கொண்டவர் ஜான் மர்ரே, வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். ஆனால் அவர் மெக்கிரெகர் என்ற பெயருக்கு முறைப்படி மாறியது 1822-இல்தான். அதே ஆண்டு கோடையில் இறந்துபோனார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தபோது, ஸ்காட்லாந்தின் மகுடத்துக்கும் செங்கோலுக்கும் காவலாக நடந்தவர்கள் அவர் மகன் ஈவனும் மெக்கிரெகர் ஆட்களும். ஜார்ஜ், ஆறாம் ஜேம்ஸின் நேரடி வழித்தோன்றல்.