நிலமா, புரயிடமா? ஒரு டிராஃப்ட்ஸ்மேன் சொந்தக் கையெழுத்துக்கு வந்த கதை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் நான் முதன்முதலாக பிளான் வரைந்தது ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம். கோயம்புத்தூரில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு 2012-ல் ஊர் திரும்பியிருந்தேன். லைசென்ஸ் உள்ள ஒரு எஞ்சினீயரின் ஆபீஸ் அது. வீட்டுக்காரரிடம் பேசுவது, சைட்டுக்குப் போய் டேப் பிடிப்பது, ஆட்டோகேடில் வரைவது, பஞ்சாயத்துக்கு அலைவது எல்லாம் நான். கையெழுத்தும் சீலும் அவருடையது. ஒரு பிளானுக்கு எனக்கு 400 ரூபாய். அது குறைவு என்றுகூட அப்போது தோன்றவில்லை. வரையத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2019-ல் ஒரு வேலை அந்த நினைப்பை உடைத்தது. வண்ணாமடைப் பக்கம் எட்டு சென்ட் இடம். சுற்றிலும் தென்னை. பார்த்தால் நல்ல மேட்டு பூமி. கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதில் இடத்தின் வகை ‘நிலம்’ என்று இருந்தது. நமக்கு நிலம் என்றால் நிலம்தானே? வீட்டு மனையும் நிலம், காடும் நிலம். நான் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தாண்டிப் போய்விட்டேன். கேரள வருவாய்க் கணக்கில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். நம் பக்கம் நஞ்சை என்கிறோமே, அது. வீடு கட்டத் தோதான மேட்டு இடத்துக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். ஒரே சொல் எல்லையைத் தாண்டியதும் அர்த்தம் மாறி உட்கார்ந்திருந்ததை ஏழு வருடம் வரைந்த எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பெர்மிட் விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்த சர்வே நம்பர் நெல்வயல் டேட்டா பேங்கில், அதாவது வயல்களுக்கான அரசுப் பட்டியலில், இருந்தது. 2008-ன் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. அதற்குள் அந்தப் பெரியவர் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்து, கல்லும் இறக்கியிருந்தார். “ஏந் தம்பி, படிச்சவந்தானே நீ, இதைப் பாக்கமாட்டியா?” என்று அவர் கேட்டபோது எஞ்சினீயர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். டேட்டா பேங்கிலிருந்து இடத்தை நீக்க ஆர்.டி.ஓ.வுக்கு (வருவாய்க் கோட்ட அதிகாரி) ஃபாரம் 5. விவசாய ஆபீசர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவேண்டும். 2008-க்கு முன்பே அது வயலாக இல்லை என்பதற்கு பழைய சேட்டிலைட் படத்தையும் வாங்கிப் பார்ப்பார்கள். அங்கே நின்ற தென்னைகளுக்கே முப்பது வயது இருக்கும், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நீக்கிய பிறகு, 50 சென்டுக்கு உட்பட்ட இடம் என்பதால், வகை மாற்றத்துக்கு ஃபாரம் 6. எல்லாம் முடிய ஒன்றரை வருடம். இறக்கிய கல்லின் மேல் அதற்குள் கொடி படர்ந்துவிட்டது.

சொந்த லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று முடிவு செய்தது அந்த அலைச்சலின் நடுவில்தான். தப்பு என்னுடையது, கையெழுத்து வேறொருவருடையது, நஷ்டம் மூன்றாமவருக்கு. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

விண்ணப்பத்தில் கஷ்டமான காகிதம் ஒன்றே ஒன்று: அனுபவச் சான்றிதழ். டிப்ளமோ இருந்தது, மார்க் ஷீட் இருந்தது. ஆனால் சம்பளம் எல்லாம் கையில் வாங்கியது. ஒரு ரசீது இல்லை, பாஸ்புக்கில் ஒரு வரி இல்லை. எஞ்சினீயரிடம் கேட்டால் “பாக்கலாம்” என்பார். அந்தப் ‘பாக்கலாம்’ பதினோரு மாதம் ஓடியது. பாலக்காட்டுச் சித்தூரில் ரிட்டயர்டு ஓவர்சியர் ஒருவர், மலையாளி, எனக்கு வழி சொன்னார். “மோனே, சும்மா போய்க் கேட்டால் தரமாட்டான். நீ செய்த வேலையை எழுதி எடுத்துக்கொண்டு போ.” பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறி, வருட வாரியாக, பஞ்சாயத்து ஃபைல் நம்பரோடு பட்டியல் போட்டேன். ஐந்து பக்கம் வந்தது. அதை மேஜையில் வைத்ததும் எஞ்சினீயர் நெடுநேரம் புரட்டினார். பாதியில் நிற்கும் இரண்டு வேலையைச் சம்பளமில்லாமல் முடித்துக் கொடுத்தால் கையெழுத்து போடுவதாகச் சொன்னார். முடித்துக் கொடுத்தேன். இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

2021-ல் சூப்பர்வைசர் பிரிவில் பதிவு கிடைத்தது. படிப்பையும் அனுபவத்தையும் பொறுத்துப் பிரிவு, பிரிவைப் பொறுத்து எவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் கையெழுத்திடலாம் என்ற வரம்பு. அதற்கு மேலே வருவதை இப்போதும் பாலக்காட்டில் உள்ள ஆர்க்கிடெக்ட் மேடத்திடம்தான் கொண்டுபோகிறேன். அவரோடு பழக்கம் ஆனதே ஒரு அசட்டுத்தனத்தால். விசிட்டிங் கார்டு அடித்த பிரஸ்காரர் பெயருக்குக் கீழே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தானாகவே போட்டுவிட்டார். பார்க்க அழகாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். கார்டு எப்படியோ மேடத்தின் கைக்குப் போக, போனில் கூப்பிட்டார். திட்டவில்லை. 1972-ன் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்றார். “பிளான் வரைவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, 2020-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பெயரைத்தான் தொடக்கூடாது” என்றும் சொன்னார். 500 கார்டையும் பின்பக்கம் கணக்குப் போடப் பயன்படுத்தினேன்.

லைசென்ஸ் வந்ததும் வேலை குவியும் என்று நினைத்தேன். முதல் வருடம் முன்பைவிடக் குறைந்த வருமானம். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது “ஷீட்டுக்கு எவ்வளவுங்க?” என்றுதான். நானும் ஷீட் கணக்கிலேயே பதில் சொன்னேன். அப்புறம் படிக்கட்டை மாற்று, பூஜை ரூமை மாற்று, மச்சான் வந்து சொன்னார், மறுபடி மாற்று. ஒரு வீட்டுக்குப் பதினாலு தடவை மாற்றினேன்.

இந்த எல்லையில் மாற்றத்துக்குப் பஞ்சமே இல்லை. தமிழ் வீட்டில் பாட்டி மனையடி சாஸ்திரம் பார்ப்பார்: அறையின் உள் அளவு 10 அடி இருக்கலாம், 11 இருக்கலாம், 12 ஆகாது, 16 ஆகும். வேலைக்கு வரும் மலையாளி ஆசாரி வீட்டின் சுற்றளவைக் கோலில் பார்ப்பார். ஒரு கோல் 72 செ.மீ., அதில் 24 விரல். பஞ்சாயத்துக்கு எல்லாமே மீட்டரில் வேண்டும். பாட்டிக்காக ஓர் அறையை ஓரடி குறைத்தால் ஆசாரியின் சுற்றளவு கெட்டுவிடும். ஆசாரிக்காக சிட்அவுட்டை நீட்டினால் ரோட்டுக்கு விடவேண்டிய இடைவெளி குறைந்துவிடும். மூன்றையும் ஒரே பிளானில் ஒப்பேற்றத் தெரிந்ததுதான் எனக்கு இங்கே கிடைத்த பெரிய விளம்பரம். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் சிரித்துவிடுவேன். ஆனால் முதல் சந்திப்பிலேயே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அளவுகளை எழுதி வாங்கிவிடுகிறேன்.

அந்த எழுதி வாங்குவதுதான் என் தொழிலை நிமிர்த்தியது. ஒரு பக்கத் தாள், தமிழிலும் மலையாளத்திலும். என்னென்ன ஷீட், எத்தனை முறை சைட்டுக்கு வருவேன், இரண்டு தடவை மாற்றுவது இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக்காசு. பணம் மூன்று தவணை: ஆரம்பத்தில், பெர்மிட் விண்ணப்பத்தின்போது, பெர்மிட் கையில் வந்ததும். தாளைப் பார்த்து எழுந்து போனவர்கள் உண்டு. உட்கார்ந்தவர்கள் பாக்கி வைக்கவில்லை. தாளின் முதல் வரி இன்றும் ‘கரம் ரசீதில் இடத்தின் வகை’ என்பதுதான். அதை நான் பார்க்காமல் பென்சில் தொடுவதில்லை.

வரி விஷயத்திலும் சூடு பட்டுத்தான் கற்றேன். ஒரு பில்டருக்கு வரைந்ததற்கு 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி, பிடித்துவிட்டுக் கொடுத்தார்கள். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்கே போனேன். ஆடிட்டர்தான் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும் என்றார். அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவுப்படி, வந்த ஃபீஸில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைக்கவேண்டாம் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 1,500 ரூபாய் கேட்டார்கள். அது முற்றிலும் இலவசம். வீட்டில் உட்கார்ந்து ஆதார், பான் வைத்து நானே போட்டுக்கொண்டேன்.

2024 ஜனவரியில் நகராட்சிகளில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவை, 2025 ஏப்ரலில் எங்கள் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட சாதாரண வீடுகளுக்கு, மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், பிளான் விதிப்படி இருக்கிறது என்று நாங்கள் கொடுக்கும் சுயசான்றின் பேரிலேயே பெர்மிட். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு முதல் வாரம் தூக்கமில்லை. முன்பெல்லாம் பஞ்சாயத்து ஓவர்சியர் கண்ணில் படும் தப்பு இனி என் பெயரில் நிற்கும். பதிவே போய்விடலாம். அதனால் அளவெடுக்க இரண்டு தடவை போகிறேன், அதற்கும் சேர்த்தே ஃபீஸ்.

எல்லையில் இருக்கும் வேலந்தாவளம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் கூப்பிட்டால் கதை வேறு. அங்கே என் கேரளப் பதிவு செல்லாது. தமிழ்நாட்டிலும் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்குச் சுயசான்று உண்டு. பொள்ளாச்சியில் பதிவு பெற்ற நண்பர் ஒருவரிடம் அந்த வேலைகளை அனுப்பிவிடுகிறேன். இந்தப் பக்கம் வருவதை அவர் எனக்கு அனுப்புகிறார்.

போன வருடம் ஐ.டி.ஐ. முடித்த பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் பாங்கில்தான் போடுகிறேன். வருடம் முடிந்த அன்று அனுபவச் சான்றிதழை நீயே டைப் அடித்துக்கொண்டு வா என்றேன். கொண்டுவந்தாள். சேர்ந்த தேதியைத் தப்பாக அடித்திருந்தாள். திருத்திக்கொண்டு வரச் சொல்லி சீலை எடுத்து வைத்தேன்.