பாடுறதும் ஆராய்ச்சிதான்னு நம்ப வைக்கிறதுக்குள்ள உயிர் போயிடுச்சு

ஒருவழியா தீசிஸ் சப்மிட் பண்ணியாச்சு. பாட்டு சொல்லிக்கொடுத்துக்கிட்டே, கச்சேரியும் பண்ணிக்கிட்டே அதையே வச்சு பிஎச்டி பண்ணலாம்னு இருக்கிறவங்க இத படிச்சிட்டு இறங்குங்க. கோர்ஸ்வொர்க் எல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான், அத விட்ருவோம்.

என் தலைப்பு, தோடி ராகத்துல கமகத்த, அதாவது ஸ்வரத்த ஆட்டி அசைச்சுப் பாடுறத, எப்படி பாடுறோம், எப்படி சொல்லிக்கொடுக்கிறோம்ங்கிறது. கமிட்டில மொத கேள்வியே "டேட்டா எங்கம்மா?" நான் பாடினது, கிளாஸ்ல பசங்க பாடினது, அதான் சார் டேட்டான்னேன். "அது உங்க திறமை, ஆராய்ச்சி இல்ல"ன்னுட்டாரு ஒருத்தர். வந்துச்சு பாருங்க கோவம்! சுப்பராம தீட்சிதர் 1904லயே சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கிற புத்தகத்துல ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனியா குறி போட்டு அச்சுல கொண்டுவந்தாரு, அவரும் சங்கீதக்காரர்தானே.

வாயால சொன்னா எடுபடாதுன்னு குரல் ஏறி இறங்குறத கோடா வரைஞ்சு காட்டுற பிராட் (Praat) சாஃப்ட்வேர்ல என் ரெக்கார்டிங்க போட்டுக் காட்டினேன், ஃப்ரீதான் அது. நோட்டுல காந்தாரத்துக்கு "க"ன்னு ஒத்த எழுத்து, ஸ்க்ரீன்ல பாத்தா கோடு ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவுல ஆடிக்கிட்டே கெடக்கு, காந்தாரத்துல நிக்கவே இல்ல. அதுக்கப்புறம் அந்த சார் வாயத் திறக்கல. இதையே கிளாஸ்லயும் காட்டுறேன், "ஆட்டிப் பாடு"ன்னு கத்துறத விட வேகமா புரியுது. ஒண்ணு மட்டும், தம்புராவ ஸ்பீக்கர்ல போட்டு ரெக்கார்ட் பண்ணாதீங்க, ஸ்ருதிய இயர்ஃபோன்ல கேளுங்க. இல்லன்னா சாஃப்ட்வேர் தம்புராவையும் குரலையும் போட்டுக் குழப்பிக்கும்.

அடுத்த தலைவலி பசங்க ரெக்கார்டிங். பெத்தவங்ககிட்ட வாயால கேட்டா போதும்னு சொன்ன அதே டிபார்ட்மென்ட், கடைசில கையெழுத்து போட்ட ஃபார்ம் இல்லாம எதையும் சேக்கக் கூடாதுன்னுடுச்சு. ஊர் மாறிப் போன பசங்களோட அப்பா அம்மாவ எல்லாம் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ரெக்கார்டர ஆன் பண்றதுக்கு முன்னாடியே ஃபார்ம் வாங்கிடுங்க, யார் என்ன சொன்னாலும் சரி.

காப்பி அடிச்சிருக்கோமான்னு பாக்குற பிளேஜியரிசம் ரிப்போர்ட்தான் உச்சம். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி மத்தவங்க எழுத்தோட 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா பிரச்சினை இல்ல, எனக்கு அதத் தாண்டிடுச்சு. தொறந்து பாத்தா கீர்த்தனையோட சாகித்யம் (பாட்டு வரிகள்), ராகத்தோட ஆரோகண அவரோகணம் (ஏறி இறங்குற ஸ்வர வரிசை) எல்லாம் சிவப்பா நிக்குது. தோடி ஆரோகணத்த நான் என்ன சொந்தமாவா எழுத முடியும்? செக்‌ஷன்ல இருந்தவர் "சிஸ்டம் காட்டுதும்மா, நீங்க மாத்தி எழுதிட்டு வாங்க"ங்கிறாரு. முறையா பேர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள், பொதுவான சொற்கள், வழக்கமான குறியீடு இதெல்லாம் கணக்குல சேராதுன்னு அதே விதிலயே இருக்கு. பிரின்ட் எடுத்து அடிக்கோடு போட்டு நீட்டினேன், மறுபடி ஓட்டினாங்க, இறங்கிடுச்சு. சாகித்யம், ஸ்வரம் எல்லாத்தையும் மொதல்லயே பிற்சேர்க்கைக்குத் தள்ளிட்டு, கைடு கையெழுத்தோட ஒரு லெட்டரும் வச்சிடுங்க.

ஆடியோவ சிடிலதான் குடுக்கணுமாம், பென்டிரைவ் வாங்க மாட்டாங்களாம். இப்ப எந்த லேப்டாப்ல சிடி டிரைவ் இருக்கு? அதையும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.